முப்பது அரங்குகளுக்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வழி சொல்வது அவற்றின் அமைப்பு. எந்த நிலத்தைக் கடக்க வேண்டும், எந்தக் குடியிருப்பில் எந்த உணவு கிடைக்கும், எங்கே இளைப்பாறலாம் என்பதெல்லாம் அதில் வரும். அமெரிக்காவில் இன்றும் வழங்கும் ஒரு பயண வழக்கத்தை எண்ணும்போது, இந்த இலக்கிய வகையே முதலில் நினைவில் எழுகிறது. பேஸ்பால் ஆட்டத்தின் மேஜர் லீக் எனப்படும் முதல்நிலைப் போட்டிகள் நடைபெறும் முப்பது அரங்குகளையும், இயன்றால் ஒரே கோடையில், காரிலேயே சென்று கண்டுவிடுவது என்பதே அவ்வழக்கம். தந்தையும் மகனும் செல்வதுண்டு. பணி ஓய்வு பெற்ற தம்பதியர் செல்வதுண்டு. கல்லூரி முடித்த நண்பர்கள் செல்வதுண்டு. எவராயினும், புறப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே வரைபடத்தையும் ஆட்ட அட்டவணையையும் மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தாக வேண்டும்.

முப்பதையும் ஏன் காண வேண்டும், ஒன்றைக் கண்டால் போதாதா என்று கேட்கலாம். விடை ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. பேஸ்பாலில் தளத்திற்கும் தளத்திற்கும் இடையே 90 அடி. பந்தெறிபவர் நிற்கும் மேட்டுக்கும் மட்டையாளர் காக்கும் தளத்திற்கும் இடையே 60 அடி 6 அங்குலம். இவை எந்த ஊரிலும் மாறா. ஆனால் எல்லைச் சுவர் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும், எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதில் அப்படி ஒரே அளவு கிடையாது. ஆகவே ஒவ்வோர் அரங்கும் தன் தெருவுக்கும் நிலத்துக்கும் ஏற்பத் தனி உருக் கொண்டது. பாஸ்டன் நகரில் 1912 இல் திறக்கப்பட்ட ஃபென்வே பார்க்கில் இடப்புறத்தே தெரு குறுக்கிட்டதால் களம் குறுகியது. அக்குறையை ஈடு செய்ய எழுந்து நிற்கிறது 37 அடி உயரமுள்ள பச்சைச் சுவர். வேறோர் ஊரில் எல்லை கடந்திருக்கக்கூடிய பந்து இங்கே சுவரில் மோதிக் கீழே விழும். வேறோர் ஊரில் பிடிபட்டிருக்கக்கூடிய பந்து இங்கே சுவரைத் தாண்டிவிடும். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் (1914) செங்கற்சுவர் மீது 1937 இல் நட்ட கொடிகள் படர்ந்துள்ளன. பந்து அக்கொடிக்குள் சிக்கிக்கொண்டால் ஆடுபவருக்கு இரண்டு தளங்கள் என்பது விதி. டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருப்பதால், அங்கே மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தொலைவு பறக்கிறது. பந்துகள் உலர்ந்து போகாதிருக்க 2002 முதல் அவற்றை ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கிறார்கள். மேலடுக்கில் ஒரு வரிசை இருக்கைகளுக்கு மட்டும் ஊதா வண்ணம் பூசி, சரியாக 5,280 அடி உயரம் இதுவே என்று காட்டியிருக்கிறார்கள்.

எல்லாக் காலத்திலும் இந்த வேறுபாடு இருந்ததன்று. 1960களிலும் 1970களிலும் பிட்ஸ்பர்க், சின்சினாட்டி, பிலடெல்பியா முதலிய ஊர்களில் பலவகை ஆட்டங்களுக்கும் பொதுவாக வட்ட வடிவக் கான்கிரீட் அரங்குகள் எழுந்தன. ஒன்றுக்கொன்று வேறுபாடு காண்பது அரிது. அக்காலத்தில் இத்தகைய பயணம் மேற்கொண்டவருக்குப் பாதி வழியிலேயே சலிப்புத் தட்டியிருக்கும். 1992 இல் பால்டிமோரில், ஆயிரம் அடிக்கு மேல் நீண்ட பழைய இரயில்வே சரக்குக் கிடங்கை இடிக்காமல் அதன் அருகிலேயே கேம்டன் யார்ட்ஸ் அரங்கைக் கட்டிய பின்னரே போக்கு மாறியது. பின்வந்தவற்றுள் பிட்ஸ்பர்க்கின் அரங்கு (2001) ஆற்றையும் பாலத்தையும் நகரின் உயர்மாடங்களையும் கண்முன் நிறுத்துவது. அழகில் அதற்கே முதலிடம் தருவோர் பலர். அது மிகையன்று.

இனி, திட்டமிடும் வேலைக்கு வருவோம். முப்பதில் இருபத்தொன்பது அமெரிக்காவில், ஒன்று கனடாவின் டொராண்டோவில். முப்பது ஊர்களைச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே மீளும் வழிகள் எத்தனை என்று கணக்கிட்டால், 44 என்று எழுதி அதன் பின் 29 சுழிகளை இட வேண்டும். இவற்றுள் மிகக் குறுகியது எது என்று காண்பது கணிதத்தில் பயண விற்பனையாளர் சிக்கல் எனப் புகழ் பெற்றது. 1954 இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்னும் மூவர், அன்றைய 48 மாநிலங்களுக்கு ஓர் ஊர் வீதமும் தலைநகர் வாஷிங்டனும் சேர்த்து 49 ஊர்களுக்கு அந்தக் குறுகிய வழியைக் கண்டு நிறுவினர். ஆனால் பேஸ்பால் பயணி எதிர்கொள்வது அதனினும் கடினம். விற்பனையாளர் எந்த நாளில் சென்றாலும் ஊர் அங்கேயே இருக்கும். இங்கோ ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு ஆடும் 162 ஆட்டங்களில் 81 மட்டுமே சொந்த ஊரில், எஞ்சியவை வெளியூரில். பாணனுக்கு, வள்ளல் ஊரில் இருப்பானா என்ற கவலை இருந்ததாகப் பாட்டுகளில் காணோம். இப்பயணிக்கு அதுவே முதற் கவலை.

அந்த அட்டவணையை அமைப்பதும் எளிதன்று. 2004 வரை இருபதாண்டுகளுக்கும் மேலாக, ஹென்றி ஸ்டீஃபன்சன், ஹாலி ஸ்டீஃபன்சன் என்ற கணவன் மனைவி இருவரே வீட்டிலிருந்து அதை அமைத்துத் தந்தனர் என்பது வியப்புக்குரிய செய்தி. பயணியின் வேலை, அவர்கள் போன்றோர் போட்ட முடிச்சுகளின் ஊடே தனக்கென ஓர் இழையைக் கோத்துச் செல்வது.

பழகியவர்கள் எளிய ஊர்களில் தொடங்குவதில்லை. அரிய ஊர்களை முதலில் குறிக்கிறார்கள். சியாட்டில் வடமேற்கு மூலையில் தனித்துக் கிடப்பது. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 800 மைல். கிழக்கே மினியாபொலிஸ் 1,600 மைலுக்கும் மேல். டென்வருக்கு அண்மையிலுள்ள கான்சாஸ் சிட்டியே 600 மைல் தொலைவு. தெற்கே மயாமிக்குச் சென்றால் வந்த வழியே வடக்கு நோக்கித் திரும்ப வேண்டும். இந்த மூன்று இடங்களிலும் அணிகள் சொந்த ஊரில் இருக்கும் நாட்களைக் குறித்த பின், இடையிலுள்ளவற்றை நிரப்பினால் போதும். சிகாகோவிலிருந்து மில்வாக்கி 90 மைல்தான். ரிக்லி ஃபீல்டில் பகல் ஆட்டங்கள் மிகுதி. அங்கே மின்விளக்கே 1988 இல்தான் வந்தது. பகலில் அங்கும் இரவில் மில்வாக்கியிலுமாக ஒரே நாளில் இரண்டைக் காணலாம். பால்டிமோரும் வாஷிங்டனும் இன்னும் நெருக்கம். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் ஊருக்கு இரண்டு அணிகள் உண்டு. ஆனால் ஓர் அணி ஊரில் இருக்கும்போது மற்றது வெளியூர் சென்றிருப்பது பெரும்பாலும் வழக்கம்.

மூன்று அல்லது நான்கு ஆட்டங்கள் கொண்ட தொடரின் கடைசி நாள் ஆட்டம் பல வேளைகளில் பகலிலேயே முடிந்துவிடும். வந்த அணி அடுத்த ஊருக்குப் பறக்க வேண்டுமல்லவா? பயணிக்கு அது வரப்பிரசாதம், மாலையிலேயே நெடுஞ்சாலை ஏறிவிடலாம். 2023 முதல் பந்தெறிபவருக்கு நேரக்கட்டுப்பாடு வந்ததனால் ஆட்டங்களும் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடத்தில் முடியத் தொடங்கின. ஜூலை நடுவில் நட்சத்திர ஆட்டத்தையொட்டிச் சில நாட்கள் எங்கும் வழக்கமான ஆட்டம் இல்லை. சியாட்டில் செல்லும் நெடும்பயணத்தை அந்நாட்களில் வைப்பது அறிவுடைமை. மழையோ யாருக்கும் அடங்காதது. டொராண்டோ, சியாட்டில், ஹூஸ்டன், மில்வாக்கி, மயாமி முதலிய இடங்களில் திறந்து மூடும் கூரை உண்டு. பிற ஊர்களில் மழை வந்தால் ஆட்டம் தள்ளிப்போகும். பயணியின் முழு அட்டவணையும் சரியும். எனவே திறந்த வெளி அரங்குகளுக்குப் பின் ஒரு நாள் வெற்று நாளாக இருக்க வேண்டும். டொராண்டோ செல்பவர் கடவுச்சீட்டை மறத்தலாகாது.

வெற்று நாளே வேண்டாம் என்று துணிந்தவர்களும் உண்டு. 2013 இல் பென் பிளாட், எரிக் புரூஸ்டர் என்ற இரு இளைஞர்கள், கணிப்பொறி கணித்துத் தந்த வழியில் முப்பது நாட்களில் முப்பது ஆட்டங்கள் காணப் புறப்பட்டு, அவ்வனுபவத்தை மறு ஆண்டே நூலாக்கினர். இருவருள் ஒருவருக்கே பேஸ்பாலில் காதல். மற்றவர் நட்புக்காகச் சென்றவர். முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் இரவெல்லாம் கார் ஓட்டி, பகலில் உறக்கம் சொக்கும் கண்களோடு காணும் அரங்கில் எதுதான் மனத்தில் தங்கும்? 1960 செப்டம்பர் 28 அன்று ஃபென்வே பார்க்கில் டெட் வில்லியம்ஸ் தம் கடைசி முறை மட்டை பிடித்தபோது பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தார். பார்த்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். அவர்களுள் ஒருவரான எழுத்தாளர் ஜான் அப்டைக், நியூயார்க்கர் இதழில் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கப்படுகிறது. அன்று அவர் அடுத்த ஊருக்கு விரையும் அவசரத்தில் இருந்திருந்தால் அக்கட்டுரை இல்லை.

ஆனால் ஒரு வகையில் விரைவதற்கும் நியாயம் உண்டு. அரங்குகள் காத்திருப்பதில்லை. டெக்சாசில் 1994 இல் திறந்த அரங்கை 26 பருவங்களோடு கைவிட்டு, 2020 இல் அதனருகிலேயே புதிய அரங்கிற்குச் சென்றனர். 2024 அக்டோபரில் மில்டன் புயல், புளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அரங்கின் கூரையைக் கிழித்தெறிந்தது. அவ்வணி 2025 பருவம் முழுவதும் அயல் அரங்கில் ஆடியது. ஓக்லண்ட் நகரின் கதை இன்னும் துயரமானது. 1968 முதல் 57 பருவங்கள் அங்கே ஆடிய அணி, 2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டம் ஆடிவிட்டுச் சாக்ரமெண்டோவை அடுத்த ஒரு சிறிய அரங்கிற்குப் பெயர்ந்தது. லாஸ் வேகாசில் 2028 இல் புதிய அரங்கு என்பது திட்டம். ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்த இருக்கைகள் அக்கடைசி நாளில் நிரம்பி வழிந்தன. முப்பதையும் முடித்துவிட்டதாகக் கணக்கை மூடியவர்கள் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

இது புதிய வழக்கமுமன்று. 1957 பருவத்தோடு புரூக்ளினை விட்டு டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் சென்றது. அவ்வணியின் எபெட்ஸ் ஃபீல்டை 1960 இல் இடித்தபோது, இடிக்கும் இரும்புக் குண்டின் மீது பேஸ்பால் பந்தைப் போல வண்ணம் தீட்டியிருந்தனர். இடிப்பதிலும் ஒரு வேடிக்கை! சென்றடைந்த இடத்திலும் கண்ணீர் உண்டு. 1962 இல் அங்கே எழுந்த அரங்கம் இருப்பது சாவேஸ் ரவீன் என்னும் மலைச்சரிவில். மெக்சிக வழிவந்த குடும்பங்களைப் பொதுக் குடியிருப்புக் கட்டுவதாகச் சொல்லி 1950 முதல் வெளியேற்றினர். குடியிருப்பு வரவில்லை, அரங்கம் வந்தது. கடைசியாக எஞ்சியவர்களை 1959 இல் காவலர் தூக்கிச் சென்று வெளியே விட்டனர். அழகிய மாலை வெயிலில் அங்கே அமர்ந்து மலையைக் காணும் பயணி, தான் அமர்ந்திருக்கும் நிலம் யாருடையது என்பதை அறிந்திருத்தல் நன்று.

இப்பயணம் எல்லார்க்கும் எக்காலத்தும் இயன்றதும் அன்று. விக்டர் ஹியூகோ கிரீன் என்ற நியூயார்க் அஞ்சற்காரர், 1936 முதல் ஒரு பயணக் கையேட்டை வெளியிட்டு வந்தார். கறுப்பினத்தவர் எந்த ஊரில் எந்த விடுதியில் தங்கலாம், எந்த உணவகத்தில் உண்ணலாம், எங்கே காருக்கு எரிபொருள் போடலாம் என்பதே அதன் பொருள். உண்மையான ஆற்றுப்படை அதுதான். 1947 ஏப்ரல் 15 அன்று எபெட்ஸ் ஃபீல்டில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை, அந்நூற்றாண்டில் மேஜர் லீகில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. அவர்தம் தனி அணிகள் பேருந்தில் ஊர் ஊராகச் சென்றன. விடுதி மறுக்கப்பட்ட இரவுகளில் பேருந்திலேயே உறங்கின. அவர்களுக்கும் ஓர் அட்டவணை இருந்தது, வரைபடம் இருந்தது. எந்த ஊரில் இரவில் நிறுத்தலாகாது என்பதும் அதில் அடக்கம். ராபின்சன் அணிந்த 42 என்னும் எண்ணை 1997 இல் எல்லா அணிகளும் ஓய்வு பெறச் செய்தன. பயணி செல்லுமிடமெல்லாம் அவ்வெண்ணைக் காண்பார்.

அலபாமாவின் பர்மிங்காமில் ரிக்வுட் ஃபீல்ட் என்றோர் அரங்கு உள்ளது. 1910 இல் கட்டியது, ஃபென்வேயைவிட மூத்தது. முப்பதின் பட்டியலில் அது இல்லை. 1948 இல் வில்லி மேஸ் பள்ளிச் சிறுவனாயிருந்தபோதே அங்கு கறுப்பினத்தார் அணியில் ஆடினார். 2024 ஜூன் 20 அன்று அவரைச் சிறப்பிக்க அங்கே மேஜர் லீக் ஆட்டம் ஒன்று நடைபெற்றது. அதற்கு இரண்டு நாள் முன்பு, 93 வயதில் அவர் மறைந்தார். அன்று அங்கு வந்திருந்த ரெஜி ஜாக்சன், 1967 இல் அந்த ஊரில் ஆடியபோது உணவகங்களும் விடுதிகளும் தம்மை உள்ளே விட மறுத்ததைத் தொலைக்காட்சியில் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். விழாவுக்கு அழைத்தவர்கள் அத்தகைய பேச்சை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அட்லாண்டாவிலிருந்து அவ்வூர் ஏறத்தாழ 150 மைல். மழைக்கென விட்டுவைத்த வெற்று நாட்களில் ஒன்று வீணாகாமல் எஞ்சுமானால், அரங்கு திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டறிந்து கொண்டு, மேற்கு நோக்கிக் காரைத் திருப்பலாம். காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் போய்ச் சேரலாம். வழியில் நேர மண்டலம் மாறுவதால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.