கிராம் கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

1960-களில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். வந்ததிலிருந்து பாடி என்றாலே வண்டி பாகங்கள்தான். எனக்குச் சோறு போட்டதும் அலுமினிய வார்ப்புத்தான். "ராக்கெட்டுக்கும் நமக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று ஒரு தம்பி கேட்டார். சொல்றேன்.

பி.எஸ்.எல்.வி. நான்கு அடுக்கு ராக்கெட். கீழ் அடுக்குகள் மூன்றும் வழியிலேயே கழன்று விழுந்துவிடும். நான்காவது அடுக்கு செயற்கைக்கோளோடு சுற்றுப்பாதை வரை போகும். ஆகவே அங்கே ஒரு கிலோ குறைத்தால், செயற்கைக்கோளுக்கு ஒரு கிலோ கூடும்.

அந்த அடுக்கில் 2 இன்ஜின்கள். அவற்றின் நாசில் கொலம்பியம் கலவையால் ஆனது. சூடு தாங்கும், ஆனா கனம். திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார், கார்பன் இழைகளைக் கார்பனிலேயே பதித்து மாற்று நாசில் செய்தார்கள். கனம் சுமார் 67 சதவீதம் குறைந்தது. ராக்கெட் 15 கிலோ கூடுதலாகச் சுமக்கும் என்பது கணக்கு.

கார்பன் என்றால் கரிதானே, எரிந்துபோகாதா? போகும். அதற்காகத்தான் மேலே சிலிக்கன் கார்பைடு பூச்சு. நம் நெல்லைச் சீமை மகேந்திரகிரியில் 2024 மார்ச் 19-ல் 60 விநாடி எரித்துப் பார்த்தார்கள். ஏப்ரல் 2-ல் 200 விநாடி. சூடு 1,216 கெல்வின். அதாவது சுமார் 943 டிகிரி செல்சியஸ். நாசில் தாங்கியது.

இங்கேதான் நமக்குப் பாடம். லாரி பாகத்தில் சந்தேகம் வந்தால், "எதுக்கும் ரெண்டு மில்லி கூட்டி வைப்பா" என்போம். விமானத்தில் அது நடக்காது. வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கு தாங்கும்படி செய்வதே வழக்கம். ஆள் ஏறாத ராக்கெட்டில் அதைவிடவும் குறைவு. அவ்வளவு மெல்லிய பாகத்தில் ஒரு காற்றுக் குமிழியோ மயிரிழை விரிசலோ இருந்தால் மன்னிப்பே கிடையாது. எடையைக் குறைக்கிறவர் சோதனையைக் கூட்டியே தீரணும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து "இது தேறாது" என்று தள்ளிவைக்கிற ஆய்வாளரும் அந்த 15 கிலோவில் பங்காளிதான். அந்த வேலை பாடிக்காரர்களுக்குப் புதிதல்ல.

தம்பி தங்கைகளே, கணினியில் ஒரு பாகத்தை மெலிய வைப்பது இன்று எளிது. அதோடு நிறுத்திவிடாமல் பட்டறைக்கு வாங்க. செய்து, உடைத்துப் பாருங்க. எங்கே உடையும் என்று தெரிந்தவருக்குத்தான் எங்கே குறைக்கலாம் என்பதும் தெரியும்.