ஜீவனாம்சத்தோடு முடிவதில்லை பெற்றோர் கடமை

திருமணம் முறிந்து வழக்கு குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போனால் பேச்சு மூன்று விஷயங்களைச் சுற்றியே ஓடுகிறது: குழந்தை யாரிடம் வளரும், மாதம் எவ்வளவு ஜீவனாம்சம், மற்றவர் எந்தக் கிழமை வந்து பார்க்கலாம். ஆட்டிசமோ மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ உள்ள குழந்தைக்கு இவை போதாது. பிரிந்து வாழும் தாய்க்கோ தந்தைக்கோ அந்தக் குழந்தையின் படிப்பில் என்ன பங்கு என்பதும் அங்கேயே தீர்மானமாக வேண்டும். ஆகாமல் போவதால் நட்டம் குழந்தைக்குத்தான்.

சிறப்புக் கல்வி பள்ளி மணி அடித்ததும் முடிகிற படிப்பல்ல. பேச்சு வராத ஏழு வயதுச் சிறுவனுக்குச் சிறப்புப் பயிற்றுநர் பட அட்டை காட்டிக் கேட்கப் பழக்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படத்தை எடுத்து நீட்ட வேண்டும். நீட்டியதும் தண்ணீர் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும், யாரிடம் நீட்டினாலும். பல வாரம் பாடுபட்ட பிறகு அது கைக்கு வருகிறது. சனி, ஞாயிறு அப்பா வீடு. அங்கே அட்டை இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பையன் அவர் கையைப் பிடித்து இழுக்கிறான், கத்துகிறான், தலையைச் சுவரில் முட்டுகிறான். பிடிவாதம் என்று அப்பா அதட்டுகிறார். அழுகை நிற்கட்டும் என்று பாட்டி கைப்பேசியைக் கொடுக்கிறார். கத்தினால் காரியம் நடக்கும் என்று கற்றுக்கொண்டு திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வருகிறான். கழிப்பறைப் பழக்கம், தானே எடுத்துச் சாப்பிடுவது, இயன்முறைப் பயிற்சி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அந்த அப்பாவின் அன்பில் குறையில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிரிந்து வாழும் பெற்றோரிடம் இதையெல்லாம் சொல்வதைச் சட்டம் தடுக்கிறது என்று பள்ளிகள் சொல்வதுண்டு. எந்தச் சட்டம்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பெற்றோர் என்று சொல்லும்போது தாயையும் தந்தையையும் குறிக்கிறது. இருவரும் ஒரே வீட்டில் வாழ வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. குழந்தையின் நலனுக்காக நீதிமன்றமே உத்தரவிட்டாலொழிய, இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது அதன் 9-ஆவது பிரிவு. பெற்றோரில் ஒருவரைப் பிரிந்து வாழும் குழந்தை அவரோடு தொடர்ந்து தொடர்பில் இருப்பது அதன் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. 1992-இல் இந்தியா அதை ஏற்றது. இத்தனையும் இருந்தும், பள்ளி ஆவணத்தைப் பார்க்கும் உரிமை பிரிந்த பெற்றோருக்கும் உண்டு என்று பளிச்சென்று சொல்லும் விதி தேவைப்படுகிறது. அமெரிக்காவில் 1974 முதல் அது இருக்கிறது: நீதிமன்ற உத்தரவு தடுக்காதவரை, குழந்தை யாரிடம் வளர்ந்தாலும் இரு பெற்றோரும் பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்கலாம். இங்கே 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் பிரிந்த பெற்றோர் இருவருக்கும் கூட்டுப் பொறுப்பைப் பரிந்துரைத்தது. பரிந்துரையாகவே அது கிடக்கிறது.

விதி இல்லாத இடத்தில் பழக்கம் ஆட்சி செய்கிறது. சேர்க்கைப் படிவத்தில் ஒரே ஒரு கைப்பேசி எண். வாட்ஸ்அப் குழுவில் ஒருவருக்கே இடம். ஆண்டுக்கான தனிநபர் கல்வித் திட்டம் எழுதும் நாளில் ஒருவருக்கே அழைப்பு. மற்றவர் தேடி வந்தால், "உங்க குடும்பப் பிரச்சினையை இங்கே கொண்டுவராதீங்க" என்று வாசலிலேயே பதில். ஒரு நகல் கூடுதலாக எடுத்துக் கொடுப்பதில் எந்தப் பள்ளி கெட்டுப்போய்விடும்?

ஆனால் பழியைப் பள்ளியின் மீது மட்டும் போட்டுவிட்டு, பிரிந்து போனவர் தப்ப முடியாது. முதல் தேதியில் பணம் போய்விட்டது, கடமை தீர்ந்தது என்று நினைப்பவர் ஏராளம். பேச்சுப் பயிற்சிக்கு அலைவதும், அடையாள அட்டைக்காக மருத்துவச் சான்று வாங்குவதும், வட்டார வள மையத்தின் முகாமில் வரிசையில் நிற்பதும் பெரும்பாலும் தாயின் தலையிலேயே விழுகின்றன. பணம் அந்த அலைச்சலைக் குறைப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்துப் போகிறவர் அந்தத் தாய்க்கு அரை நாள் ஓய்வு தருகிறார். பயிற்சியாளர் செய்வதைக் கண்ணால் பார்த்துத் தானும் கற்கிறார். தொகையைவிட இது பெரிது.

குழந்தையை வைத்திருப்பவர் மற்றவரை வேண்டுமென்றே விலக்கி வைப்பதும் நடக்கிறது. அறிக்கையைக் காட்டினால் நாளை வழக்கில் தனக்கு எதிராகத் திருப்புவார் என்ற பயம் பொய்யல்ல. குழந்தையின் நிலைக்குத் தாயையே குற்றவாளியாக்கிய குடும்பங்கள் உண்டு. அடி உதை, மிரட்டல், குழந்தைக்கு ஆபத்து என்றால் விலக்கி வைப்பதே சரி. அதை நீதிமன்ற உத்தரவாக வாங்கிப் பள்ளியில் கொடுத்துவிட வேண்டும். அப்படி எதுவும் இல்லாதபோது கோபத்துக்காகக் கதவை அடைப்பது குழந்தையின் பயிற்சியைப் பாதியாக வெட்டுவதாகும்.

நீதிமன்றத்துக்கும் ஒரு வார்த்தை. சந்திப்புக்கு நீதிமன்ற வளாகத்தையே ஒதுக்குவது வழக்கமாக இருக்கிறது. கூட்டமும் இரைச்சலும் தாங்காத ஆட்டிசக் குழந்தை அங்கே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒடுங்குகிறது. அப்பாவிடம் போக அது மறுப்பதாக எழுதப்பட்டால், இரைச்சலுக்குப் பயந்ததை அப்பாவுக்குப் பயந்ததாகப் பதிவு செய்த அநியாயம் அது. அதே இரண்டு மணி நேரத்தைப் பயிற்சி மையத்திலோ, குழந்தைக்குப் பழகிய பூங்காவிலோ கொடுக்கலாம். கல்வித் திட்டத்தின் நகல் இருவருக்கும், கூட்டத்துக்கு இருவருக்கும் அழைப்பு, இரண்டு வீட்டிலும் ஒரே பட அட்டை, ஒரே நேர அட்டவணை என்று உத்தரவிலேயே எழுதலாம். ஒரே அறையில் உட்கார முடியாதவர்களுக்குத் தனித்தனி நேரமோ காணொலி அழைப்போ போதும்.

இந்தப் பொறுப்பு 18 வயதில் நிற்பதுமில்லை. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளை வயது வந்த பிறகும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் இருந்த இந்த உரிமை இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவில் தொடர்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழு சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கிறது. பிள்ளை எதைக் கேட்கும், எதற்கு அஞ்சும், எந்த மருந்து சாப்பிடும் என்று அந்தக் காப்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு, அல்லது தானாகவே நின்றுகொண்டவருக்கு, காப்பாளராகும் அன்றைக்குத் திடீரென்று அது தெரிந்துவிடாது.