ஐப்பசி வந்தால் என் தங்கச்சி



மறைந்த உறுப்பினர்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. நான் என் தங்கச்சியைப் பற்றிப் பேசுறேன். 2018 மாசியில் மார்பகப் புற்றுநோயில் போனாள். திதி மாசியில்தான் கொடுக்கிறோம். ஆனா எனக்கு அவள் ஞாபகம் வருவது ஐப்பசியில்.

அவளுக்கு மழைன்னா உயிர். எங்க தெரு போர் தண்ணி உப்பு. முதல் மழையை விட்டுவிடுவாள், மொட்டை மாடித் தூசி போகட்டும் என்று. அடுத்த மழைக்குக் குடம், அண்டா, இட்லிப் பானை வரைக்கும் வெளியே வந்துவிடும். வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைப்பாள். "போர் தண்ணியில வேகாத பருப்பு இதுல எப்படிக் குழையுது பாரு" என்பாள். உண்மைதான்.

2003-ல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று அரசு சொன்னபோது, பல பேர் கணக்குக்கு ஒரு பைப்பை நட்டு வைத்தார்கள். இவள் மாடிக் குழாயைக் கிணற்றுப் பக்கம் திருப்பி, குழி தோண்டி, கூழாங்கல், ஜல்லி, மணல் என்று போட வைத்தாள். வருஷா வருஷம் புரட்டாசியில் அந்த மணலை அள்ளி அலசிப் போடுவாள்.

2015 டிசம்பர் மழையை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. குழுவின் தீர்மானப் புத்தகம், பேரேடு, பாஸ்புக் எல்லாவற்றையும் பாலிதீன் பையில் கட்டிப் பரண் மேல் ஏற்றியவள் அவள்தான். அதற்கப்புறம் மேகம் கறுத்தாலே எங்க தெருவுக்குப் பயம். அவள் மட்டும் மழையைத் திட்ட விடமாட்டாள். "ஏரிக்குப் போற வழியை அடைச்சது மழையா?" என்று கேட்பாள்.

அவள் இறந்த வருஷம் ஐப்பசியில் தூறல் விழுந்ததும் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வாசலில் பாத்திரச் சத்தம். எட்டிப் பார்த்தால் எங்கம்மா, எழுபது வயசில், ஒவ்வொரு குடமாக எடுத்து வைச்சிட்டிருந்தாங்க. நானும் இறங்கிப் போனேன்.

அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டது. எங்க கிணற்றில் அடியில்தான் தண்ணீர். இருந்தாலும் காலையில் எட்டு வீட்டுக்குத் தலா இரண்டு குடம் கொடுத்தது. அந்த எட்டு வீட்டுப் பெண்கள்தான் புரட்டாசியில் நான் கேட்காமலே மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். "அவ இருந்தா இந்நேரம் குழியை அள்ளியிருப்பா" என்றார்கள்.

இப்போது ஒவ்வொரு புரட்டாசியிலும் பதினோரு வீட்டுக் குழியைச் சேர்ந்து அள்ளுகிறோம். செலவு டீக்கும் வடைக்கும் மட்டும்தான்; வடைக்குத்தான் கொஞ்சம் அதிகம் ஆகுது. இந்த வருஷம் புரட்டாசி கடைசி ஞாயிறு. மற்ற குழுவினரும் வரலாம். மணல் சலிக்கிற சல்லடை இருந்தால் எடுத்துட்டு வாங்க.