கோழி அம்மை – வருமுன் காப்போம்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் நம்ம குழு அக்கா ஒருத்தர் தவணை கட்ட முடியாம கண் கலங்கி நின்னாங்க. கடன் வாங்கி வளர்த்த 20 குஞ்சுல 11 செத்துப்போச்சு. "அம்மைதானே வார்த்திருக்கு, தானா இறங்கிடும்னு விட்டுட்டேன்"னு சொன்னாங்க. கண்ணைச் சுத்திக் கொப்புளம் வந்து இமை ஒட்டிக்கிட்டா குஞ்சுக்கு இரை தெரியாது. பாதி பட்டினியாலயே சாகும்.

கோழி அம்மை வைரஸ் கிருமியால் வருகிறது. கொசுக்கடியாலும், உதிர்ந்த பொருக்காலும் பரவும். கொண்டை, தாடி, கண் ஓரங்களில் கொப்புளம் வரும். சிலவற்றுக்குத் தொண்டைக்குள் மஞ்சள் படலம் படர்ந்து மூச்சு அடைக்கும். இதுதான் அதிக ஆபத்து. புறா, குருவி, மயிலுக்கும் அம்மை வரும். மனிதர்களுக்குப் பரவாது.

வந்தபின் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. எனவே:

* நோய்க்கோழியைத் தனியே வையுங்கள். சந்தையில் விற்காதீர்கள், அது இன்னொரு சகோதரி வீட்டுக்குத்தான் போகும்.
* கண்ணை வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்து, கையால் இரையும் தண்ணீரும் ஊட்டுங்கள்.
* வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் புண்ணில் பூசலாம்.
* கூட்டருகே தண்ணீர் தேங்க விடாதீர்கள்.
* 6 முதல் 8 வார வயதில் அம்மைத் தடுப்பூசி போடுங்கள். வெள்ளைக்கழிச்சல் ஊசி வேறு; அது இதற்கு உதவாது.

ஒரு குப்பி மருந்து நிறையக் கோழிக்கு வரும். கலக்கினா சில மணி நேரத்துல போட்டு முடிச்சாகணும். ஒரு வீட்டுக் குஞ்சுக்காகக் குப்பியை உடைக்கத் தயங்குவாங்க. அதனால ஒவ்வொரு குழுவும் குஞ்சுகளை எண்ணிக் கணக்கு கொடுங்க. எல்லோரும் ஒரே நாள்ல கால்நடை மருந்தகம் போவோம்.

அந்த அக்கா கையால ஊட்டின மிச்சம் 9 குஞ்சும் பிழைச்சிடுச்சு. தவணைக்குக் குழு ரெண்டு மாசம் அவகாசம் கொடுத்திருக்கு.