புருவாசில் கோட்டை இருந்ததா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டு வகுப்பில் நான் கொஞ்சம் உற்சாகமாகவே பேசிவிட்டேன். "இராஜேந்திர சோழன் கடல் கடந்து வந்து, நம் பேராக்கில் இருந்த கங்கா நகரக் கோட்டையைப் பிடித்தான்" என்றேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, "சார், புருவாஸ் பக்கத்துலதானே? நாம போய் அந்தக் கோட்டையைப் பார்க்கலாமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன்.

கங்கா நகரக் கதையை நமக்குத் தருவது 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் நூல். டிண்டிங்கின் உட்பகுதியில், குன்றின் மேல் அந்தக் கோட்டை இருந்ததென்றும், ராஜா சூரன் அதை வென்றான் என்றும் அது சொல்கிறது. அந்த ராஜா சூரன் சோழ மன்னனே என்பது பலருடைய கருத்து. ஆனால் நாம் அறிந்த வடிவில் அந்நூல் தொகுக்கப்பட்டது 1612இல். சோழர் படையெடுப்போ 1025இல். நடுவில் ஏறத்தாழ 600 ஆண்டு! நம் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்காக அந்நூலை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

அடுத்த சாட்சி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு. படையெடுப்பு நடந்த சில ஆண்டுகளுக்குள் வெட்டியது. ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், கடாரம் என்று 13 இடங்களை அது சொல்கிறது. விரல் விட்டு எண்ணி எண்ணிப் படித்தேன். கங்கா நகரம் அதில் இல்லை. மன்னன் தன் புகழைத் தானே வெட்டிவைத்த கல்தான் அது, அதையும் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். என்றாலும், வென்ற ஊரை மறைக்க அவனுக்கு என்ன காரணம்? வேறு பெயரில் இருக்கலாம் என்பார்கள். இருக்கலாம் என்பது இருந்தது ஆகிவிடாது.

மூன்றாவது சாட்சி மண். 1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகள் கொண்ட அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. பௌத்தம் இங்கே வந்ததற்கு அது சாட்சி, கோட்டைக்கு அல்ல. புருவாஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அச்சே வகைக் கல்லறைக் கற்களோ சோழருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. சோழர் காலத்துக் கோட்டை என்று உறுதியான ஒரு மதில்கூட அங்கே இதுவரை கிடைக்கவில்லை.

பெயரை வைத்தும் முடிவு செய்ய முடியாது. லெங்கோங் பக்கம் கோத்தா தம்பான் இருக்கிறதே, 'கோத்தா' என்றால் கோட்டைதான். 1938இல் அங்கே கிடைத்தவை கற்கருவிகள்! பின்னாளில் அவ்விடத்துக்குச் சுமார் 74,000 ஆண்டு என்று கணித்தார்கள். ஜொகூரிலும் இப்படித்தான். காட்டுக்குள் கோத்தா கெலாங்கி என்னும் பழம்நகர் இருக்கிறதென்று 2005இல் பத்திரிகைகள் பரபரத்தன. மறு ஆண்டே, தேடிப் பார்த்தும் சான்று இல்லை என்று அரசுத் தரப்பில் அறிவித்துவிட்டார்கள்.

"வாத்தியாரே, நம்ம பெருமையை நீங்களே குறைக்கலாமா?" என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். எனக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனால் நம் பிள்ளை நாளைக்கு இடைநிலைப் பள்ளியில் இதைச் சொல்லி, "சான்று எங்கே?" என்று கேட்டதும் தலைகுனிந்து நின்றால்? அப்புறம் கடாரத்தைப் பற்றி அவன் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். கடாரம் கல்வெட்டில் இருக்கிறது. கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்களைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம்.

தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செம்பனைக்குக் குழி வெட்டும்போது பழைய பானை ஓடோ, மணியோ தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, பள்ளிக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதே பாதிச் சாட்சி.

அந்தப் பையன் இப்போது படிவம் ஒன்றில் படிக்கிறான். வரும் விடுமுறையில் அவனையும் மற்ற மாணவர்களையும் புருவாசுக்கு அழைத்துப் போகிறேன். பஸ்ஸில் இன்னும் இடம் இருக்கிறது, பெற்றோரும் வரலாம்.