கையும் கணக்கும்: ஒரு திரவத்தின் கதை

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



விஞ்ஞானத்தில் இரண்டு வகை வேலை உண்டு. கருவி செய்து, பொருளைச் சூடாக்கியும் குளிரவைத்தும் அளந்து பார்ப்பது ஒன்று. இது பரிசோதனை. அளந்து கிடைத்த விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று காகிதமும் பென்சிலும் வைத்துக் கொண்டு கணக்குப் போட்டுச் சொல்வது இன்னொன்று. இது தத்துவம். கைவேலை செய்பவனைக் கீழே தள்ளி, கணக்கு எழுதுபவனை மேலே உட்கார வைப்பது முதலாளித்துவ சமுதாயத்தின் வழக்கம். விஞ்ஞானத்துக்குள்ளும் அந்த வியாதி நுழைந்திருக்கிறது. ஆனால் கை இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் கைக்கு வழி தெரியாது. திடப்பொருள், திரவப்பொருள் பற்றிய பௌதிகத்தில் இது பளிச்சென்று தெரிகிறது. இரும்பு ஏன் இறுகி நிற்கிறது, தாமிரத்தில் மின்சாரம் ஏன் ஓடுகிறது, எண்ணெய் ஏன் மெதுவாக வழிகிறது என்பவையெல்லாம் அந்தத் துறையின் கேள்விகள். அவ்வளவையும் பேச நேரமில்லை. ஹீலியம் என்ற ஒரு பொருளை மட்டும் எடுத்துக் கொள்கிறேன். இந்தக் கதையில் ஒரு சிறைச்சாலையும் வருகிறது. நம்முடைய பக்கத்துச் சிறைச்சாலை அது. அதை மறைக்காமல்தான் பேசப் போகிறேன்.

ஹீலியம் ஒரு வாயு. 1868 ஆகஸ்ட் 18-ல் முழுச் சூரிய கிரகணம் வந்தது. அப்போதைய சென்னை ராஜதானியில் இருந்த குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கருவிகளை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள். சூரியனின் விளிம்பில் எழும் ஜுவாலையின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு. பூமியில் தெரிந்த எந்தப் பொருளுக்கும் அந்தக் கோடு பொருந்தவில்லை. ஆகவே சூரியனுக்குரிய கிரேக்கப் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1895-ல்தான் ராம்ஸே அதைப் பூமியிலிருந்து கிடைத்த ஒரு தாதுக்கல்லில் கண்டுபிடித்தார். மோனஸைட் மணலைச் சூடாக்கினாலும் இந்த வாயு வரும். நமது மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் அதே வகை மணல்தான்.

எல்லா வாயுவையும் குளிரவைத்தால் திரவமாகும். ஹீலியம் மட்டும் மசியவில்லை. ஹாலந்து தேசத்தில் லெய்டன் நகரத்தில் காமர்லிங் ஆன்னஸ் என்ற பேராசிரியர் 1908 ஜூலை 10-ம் தேதி அதை மசிய வைத்தார். விடியற்காலை 5.45-க்கு வேலை ஆரம்பம். இரவாகும்போது கண்ணாடிக் குடுவையில் 60 கன சென்டிமீட்டர் திரவம், ஒரு டம்ளர் கூட இல்லை. அது கொதிக்கும் உஷ்ணநிலை மைனஸ் 269 டிகிரி. குளிருக்குக் கடைசி எல்லை மைனஸ் 273. அதற்குக் கீழே குளிர் என்பதே கிடையாது.

ஆன்னஸுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்கு உரியவர்தான். ஆனால் அந்தப் பம்புகளையும் குழாய்களையும் அமைத்தவர் பிளிம் என்ற மெக்கானிக். குடுவைகளை ஊதியவர் கெஸ்ஸல்ரிங் என்ற கண்ணாடித் தொழிலாளி. 1911-ல் அதே கூடத்தில் பாதரசத்தைக் குளிரவைத்து மின்சாரம் பாய்ச்சியபோது, மின்தடை திடீரென்று இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மீக்கடத்தல் என்கிறார்களே, அந்தக் கண்டுபிடிப்பு அன்று பிறந்தது. அளவுக் கருவியில் கண் வைத்திருந்தவர் ஹோல்ஸ்ட் என்ற இளைஞர். கட்டுரையின் தலைப்பில் ஆன்னஸ் பெயர் மட்டும்தான் வந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தொழிலாளி வீட்டுப் பையன்களுக்குக் கருவி செய்யக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் ஒன்றை 1901-ல் நிறுவியவரும் இதே ஆன்னஸ்தான். நீலச் சட்டை போட்ட அந்தப் பையன்கள் இல்லாமல் அந்தக் கூடம் ஒரு நாளும் ஓடியிராது.

இனி மாஸ்கோவுக்கு வருவோம். பீட்டர் கபீட்சா 1894-ல் கிரான்ஸ்டாட் துறைமுகத்தில் பிறந்தவர். 1921 முதல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ரூதர்போர்டிடம் வேலை செய்தார். கை தேர்ந்த என்ஜினீயர். ஹீலியத்தைத் திரவமாக்க 1934-ல் அவர் செய்த இயந்திரத்தைப் பற்றி நம் பிட்டர் தோழர்கள் அவசியம் கேட்க வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓட எண்ணெய் வேண்டும் அல்லவா? அந்தக் குளிரில் எந்த எண்ணெயும் கல்லாகிவிடும். கபீட்சா என்ன செய்தார்? பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டு, ஹீலியம் வாயுவையே அதில் கசிய விட்டார். கசிகிற வாயுவே எண்ணெயாக வேலை செய்தது. கசிவை அடைக்கத்தான் எல்லோரும் முயலுவார்கள். இவர் அதையே வேலைக்கு வைத்துக் கொண்டார்.

அதே 1934-ல் தாய்நாட்டுக்கு வந்தவரைச் சோவியத் சர்க்கார் திரும்பிப் போக விடவில்லை. அவருக்கு அது பெரிய மனக்கஷ்டம். ஆனால் மாஸ்கோவில் பௌதிகப் பிரச்னைகள் ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். கேம்பிரிட்ஜில் அவர் விட்டு வந்த கருவிகளை 30,000 பவுன் கொடுத்து வாங்கித் தந்தார்கள். கபீட்சா இன்னும் ஒன்று கேட்டார். தன்னோடு வேலை செய்த பியர்சன், லாவர்மன் என்ற இரு தொழில்நுட்ப ஊழியர்களும் வர வேண்டும் என்றார். கருவி வந்தால் போதாது, கருவியைத் தெரிந்த கை வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

மைனஸ் 271 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனால் திரவ ஹீலியத்துக்கு ஏதோ ஆகிவிடுகிறது. அதுவரை குமிழியிட்டுக் கொதித்துக் கொண்டிருந்தது சட்டென்று அமைதியாகிவிடும். 1937-ல் கபீட்சா இரண்டு கண்ணாடி வட்டுகளை மிக நேர்த்தியாக மெருகேற்றி ஒன்றின்மேல் ஒன்றை வைத்தார். நடுவில் இருந்த சந்து ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர்களே, உங்கள் கையில் தினமும் புரளும் ஒற்றைப் பஞ்சு இழையின் தடிமனில் அது ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. சாதாரண ஹீலியம் அதற்குள் கசிவது பல நிமிஷம் பார்த்தால்தான் தெரிந்தது. அந்த எல்லைக்குக் கீழே குளிர்ந்த ஹீலியமோ சில வினாடிகளில் ஓடி மட்டம் சமமாகிவிட்டது! பிசுக்கு குறைந்தது 1500 மடங்கு இறங்கியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். உராய்வே இல்லாத ஓட்டம். இதற்கு மீப்பாய்வு என்று பெயர். 1938 ஜனவரியில் 'நேச்சர்' பத்திரிகையில் இந்தச் செய்தி வந்தது. கேம்பிரிட்ஜில் ஆலன், மைஸ்னர் என்ற இருவரும் நுண்குழாய்களில் இதையே கண்டு, அதே இதழில் எழுதினார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1978-ல், நோபல் பரிசு கபீட்சாவுக்குக் கிடைத்தது. அந்த இருவருக்கும் கிடைக்கவில்லை. அது நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம்.

கை தன் வேலையைச் செய்துவிட்டது. ஏன் அப்படி ஓடுகிறது? யார் சொல்வது? லெவ் லாண்டாவ் சொல்லக் கூடியவர். முப்பது வயதான தத்துவ விஞ்ஞானி, கபீட்சாவின் நிலையத்திலேயே இருந்தார். 1938 ஏப்ரல் 28-ம் தேதி அவரைக் கைது செய்து கொண்டு போனார்கள்.

தோழர்களே, சோவியத் நாட்டில் அந்த ஆண்டுகளில் குற்றமற்ற மனிதர்கள் ஆயிரமாயிரமாகச் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். உண்மையான கம்யூனிஸ்டுகளும் அவர்களில் இருந்தார்கள். 1956-ல் சோவியத் கட்சியின் 20-வது காங்கிரஸில் இது பேசப்பட்டது. இன்னும் சில தோழர்களுக்கு இதைக் கேட்கச் சங்கடம். எதிரி சொல்லி நம் பிள்ளைகள் கேட்பதைவிட, நாமே சொல்லிக் கேட்பது நல்லது.

கபீட்சா என்ன செய்தார்? அன்றைக்கே ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். அப்போது அப்படி எழுதுவது சாதாரணக் காரியமல்ல. பதில் இல்லை. ஒரு வருஷம் கழித்து மோலடோவுக்கு எழுதினார். ஹீலியத்தில் புதிய விஷயங்களைக் கண்டிருக்கிறேன், இதை விளக்க ஒரு தத்துவ விஞ்ஞானி தேவை, அதற்குத் தகுதியானவர் லாண்டாவ்தான் என்பது அதன் சாரம். பிறகு, லாண்டாவுக்கு நானே ஜாமீன் என்று போலீஸ் இலாகாவின் தலைவர் பெரியாவுக்கு எழுதிக் கொடுத்தார். 1939 ஏப்ரல் கடைசியில் லாண்டாவ் வெளியே வந்தார். இன்னும் ஆறு மாதம் உள்ளே இருந்தால் உயிர் தங்கியிராது என்று பின்னால் அவரே சொன்னார்.

1941-ல் லாண்டாவ் விடை தந்தார். நான் பத்தாவதோடு நின்றவன், அவருடைய கணக்கை எழுதிக் காட்ட என்னால் ஆகாது. கருத்தை மட்டும் சொல்கிறேன். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் ஏன் கரையோரம் மெதுவாகிறது? கரை அதன் வேகத்தைச் சிறிது சிறிதாகப் பிடுங்கிக் கொள்கிறது. உராய்வு சில்லறையாகத்தான் வசூல் செய்யும். இந்த ஹீலியத்தில் சில்லறை கிடையாது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஓடும்போது, பிடுங்கத்தக்க சின்னத் துண்டு எதுவும் அதில் இல்லை. ஆகவே சுவர் வெறுங்கையோடு நிற்கிறது. அதோடு, அந்தத் திரவம் இரண்டு பங்காக நடந்து கொள்கிறது என்றார். ஒரு பங்கு சாதாரணத் திரவம், இழுத்தால் கூட வரும். மற்றப் பங்குக்கு உராய்வு இல்லை. குளிர ஆரம்பித்தால் முதல் பங்கு குறைந்து கொண்டே போகும்.

சொன்னால் போதுமா? அளந்து பார்க்க வேண்டாமா? 1946-ல் ஆண்ட்ரோனிகாஷ்விலி என்ற ஜார்ஜியாக்காரர் மெல்லிய அலுமினியத் தகடுகளை ஐந்தில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அடுக்கி, ஹீலியத்துக்குள் தொங்கவிட்டு, மத்துப் போல இப்படியும் அப்படியும் திரும்ப விட்டார். இழுபட்டு வருகிற திரவம் எவ்வளவோ அவ்வளவுக்கு அடுக்கு கனத்து, திரும்பும் வேகம் குறையும். குளிரக் குளிர அடுக்கு லேசாயிற்று. இரண்டு பங்கு உண்டு என்பது நேரில் தெரிந்துவிட்டது.

இன்னொன்று நடந்தது. இந்தத் திரவத்தில் வெப்பம் அலையாக ஓடும் என்றும் லாண்டாவின் கணக்குச் சொன்னது. இதை ஒலி எழுப்பிக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள், அகப்படவில்லை. ஒலி எழுப்பாதே, சூடாக்கும் கம்பி போடு என்று லிப்ஷிட்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். 1944-ல் பெஷ்கோவ் அப்படியே செய்தார். வெப்ப அலை வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடியது. அதோடு முடியவில்லை. பெஷ்கோவ் அளந்த வேகங்கள் லாண்டாவின் கணக்கோடு சரியாகப் பொருந்தவில்லை. லாண்டாவ் 1947-ல் கணக்கைத் திருத்தினார். முதலில் கணக்கு கைக்கு வழி சொல்லிற்று, பிறகு கை கணக்கைத் திருத்திற்று. இங்கே யார் பெரியவர், யார் சின்னவர்?

லாண்டாவ் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். 1924-ல் டாக்காவில் இருந்த நம் நாட்டு விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ் துகள்களை எண்ணுவதற்கு ஒரு புதிய முறை சொன்னார். அதை ஐன்ஸ்டீன் விரித்தார். ஹீலியத்தின் விசித்திரம் அதிலிருந்துதான் வருகிறது என்று 1938-ல் லண்டன் என்ற விஞ்ஞானி பாரிஸிலிருந்து எழுதினார். (அது அவர் பெயர், ஊர் அல்ல.) அதே ஆண்டில் டிஸா என்பவர் இரண்டு பங்குக் கருத்தையும் சொன்னார். லாண்டாவ் இவற்றை ஏற்கவில்லை. பிற்பாடு போஸின் முறைக்கு உட்படாத வேறு ரக ஹீலியத்தை 1949-ல் பரிசோதித்தார்கள். அதே குளிரில் அது அப்படி ஓடவில்லை. லண்டன் சொன்னதில் உண்மை இருந்தது.

யுத்தத்துக்கு முன்பே கபீட்சா காற்றைத் திரவமாக்கி ஆக்ஸிஜன் பிரிக்க ஒரு சிறிய டர்பைன் செய்திருந்தார். நிமிஷத்துக்கு 40,000 சுற்று! நம் ரிங் பிரேமின் ஸ்பிண்டிலை நினைத்துக் கொள்ளுங்கள். முன்பு காற்றை 200 மடங்கு அழுத்த வேண்டியிருந்தது. இந்த டர்பைனுக்கு ஆறேழு மடங்கே போதும். 1945-ல் மாஸ்கோவுக்கு அருகே பாலஷிகாவில் நாளுக்கு 40 டன் திரவ ஆக்ஸிஜன் தரும் ஆலை வந்தது. 2021 மே மாதம் நம் ஆஸ்பத்திரி வாசல்களில் மூச்சுக்குத் தவித்த ஜனங்களையும், உருக்காலைகளிலிருந்து டாங்கர் லாரியில் வந்த ஆக்ஸிஜனையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட பெரிய ஆலைகளில் இன்றும் காற்றைக் குளிரவைப்பது அதே தத்துவத்தில் சுழலும் டர்பைன்தான். அவ்வளவு செய்தவரையும் 1946-ல் வேலையிலிருந்து நீக்கினார்கள். அணுகுண்டு வேலையை நடத்திய பெரியாவுக்கு விஷயம் தெரியவில்லை என்று அவர் ஸ்டாலினுக்கே எழுதியதுதான் குற்றம். கிராமத்து வீட்டுக் கொட்டகையில் தன் மகனைத் துணைக்கு வைத்துக் கொண்டு ஆராய்ச்சி செய்தார். பெரியா ஒழிந்த பிறகு, 1955-ல்தான், பழைய பதவிக்குத் திரும்பினார்.

கபீட்சா ஜாமீன் நின்றதால் லாண்டாவ் பிழைத்தார். ஜாமீன் நிற்க ஆளில்லாமல் போனவர் ஒருவர் உண்டு. கார்க்கோவ் நகரத்தில் லெவ் ஷூப்னிக்கோவ். லாண்டாவின் நண்பர், பரிசோதனை விஞ்ஞானி. லெய்டனில் வேலை கற்றவர். ஈயத்தோடு வேறு உலோகம் கலந்து குளிரவைத்து, அதன் மீக்கடத்தலைக் காந்தம் எப்படிக் குலைக்கிறது என்று அளந்தார். சுத்த உலோகத்தில் ஒரே அடியில் போய்விடும். கலப்பு உலோகத்திலோ காந்தம் மெல்ல மெல்ல உள்ளே நுழைந்தும் மீக்கடத்தல் வெகுதூரம் தாக்குப் பிடித்தது. 1937 ஆகஸ்டில் அவரைக் கைது செய்து, நவம்பர் 10-ம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 36. குற்றமற்றவர் என்று 1950-களில் அறிவித்தார்கள். அப்ரிகோசோவ் என்ற லாண்டாவின் மாணவர் 1957-ல் இந்த உலோகங்களுக்கான தத்துவத்தை வெளியிட்டபோது, இருபது வருஷத்துக்கு முன் ஷூப்னிக்கோவ் அளந்து வைத்த எண்களோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார். அப்ரிகோசோவுக்கு 2003-ல் நோபல் பரிசு வந்தது.

ஜில்லாத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகெலும்பையும் மூளையையும் படம் பிடிக்கிற எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்தவர்களை அதற்குள் படுக்க வைக்கிறார்கள். அதன் காந்தச் சுருள் நியோபியமும் டைட்டேனியமும் கலந்த கம்பி. ஷூப்னிக்கோவ் கண்ட அந்த இனத்தைச் சேர்ந்தது. அதைக் குளிர வைத்திருப்பது திரவ ஹீலியம், மைனஸ் 269 டிகிரியில்.