படம் முடிந்த பிறகு



நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் என் தங்கை குடும்பத்தார் வசிக்கின்றனர். அண்மையில் அங்கே சென்றிருந்தபோது, எட்டு வயதான அவள் மகன் தொலைக்காட்சியில் பூனையும் எலியும் ஓடிப்பிடிக்கும் கார்ட்டூன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "பொறவு அதுக என்ன செய்யும், மாமா?" என்று கேட்டான். ஏழெட்டு நிமிடங்களில் முடிந்துவிடும் படத்துக்கு அப்பாலும் அவ்விரு பிராணிகளுக்கும் வாழ்க்கை உண்டு என்பது அவன் நம்பிக்கை. இந்தக் கேள்விக்கு விடையாகவே ஒருவகைச் சித்திரக்கதைப் புத்தகங்கள் தோன்றின. அவற்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

அந்தப் பூனையும் எலியும் டாமும் ஜெர்ரியும்தாம். ஹன்னா, பார்பெரா என்னும் இருவர் 1940இல் அமெரிக்காவில் அவற்றைத் திரைக்குக் கொணர்ந்தனர். 1942இல் அவை சித்திரக்கதையிலும் இடம்பெற்றன. திரையில் அவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஓட்டமும் அடியும் பின்னணி இசையுமே அவற்றின் பாஷை. தாளிலோ ஓட்டமும் இல்லை, இசையும் இல்லை. ஆகவே கதை எழுதியவர்கள் அவற்றுக்குப் பேச்சைக் கொடுத்தனர். ஜெர்ரிக்குத் துணையாக டஃபி என்ற குட்டி எலியையும் சேர்த்தனர். திரையில் அக்குட்டி எலி தோன்றியது 1946இல்தான்.

டொனால்டு என்னும் வாத்தின் கதை இதனினும் சுவையானது. 1934இல் திரைக்கு வந்த அந்த வாத்தின் பேச்சு பாதி விளங்காது, கத்தலே மிகுதி. டிஸ்னி நிலையத்தில் பணியாற்றிய கார்ல் பார்க்ஸ் என்பவர், இன்னொருவருடன் சேர்ந்து, 1942இல் டொனால்டை வைத்து 64 பக்கங்களில் ஒரு புதையல் கதை வரைந்தார். எடுக்கப்படாமல் நின்றுபோன ஒரு திரைப்படத்தின் கதைதான் அதற்கு மூலம். அதே ஆண்டில் நிலையத்தை விட்டு விலகிய பார்க்ஸ், 1966இல் ஓய்வு பெறும்வரை வாத்துகளின் கதைகளையே எழுதி வரைந்துவந்தார். கோபக்கார வாத்துக்கு ஓர் ஊர் அமைந்தது; உற்றார் உறவினர் அமைந்தனர். 1947இல் ஸ்க்ரூஜ் என்ற பெருஞ்செல்வக் கருமியும் வந்து சேர்ந்தார்.

ஆங்கிலத்தில் இவரை 'அங்கிள்' என்று சொல்லி விட்டுவிடலாம். தமிழில் எழுதுபவன் அவர் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று தீர்மானித்தாக வேண்டும். ஸ்க்ரூஜ், டொனால்டின் தாயுடன் பிறந்தவர். டொனால்டை அண்டி வாழும் மூன்று வாத்துக் குஞ்சுகளோ அவன் சகோதரியின் புதல்வர்கள். ஆக, இரண்டு தலைமுறையிலும் தாய்மாமன் உறவே. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அந்தப் புத்தகங்களில் பார்க்ஸின் பெயர் அச்சிடப்படவில்லை. டிஸ்னியின் பெயர் மட்டுமே இருந்தது. 1960 அளவில்தான் வாசகர் சிலர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து அவருக்குக் கடிதம் எழுதினர். நாள்தோறும் பிறர் எழுதியவற்றை மொழிபெயர்த்து, எங்கும் தன் பெயர் வராமல் காலம் தள்ளும் எனக்கு, இந்தச் செய்தியில் தனி அக்கறை உண்டென்பதை நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

தாளில் வளர்ந்த அந்த உறவுகள் 1987இல் 'டக் டேல்ஸ்' என்னும் தொடராக மீண்டும் திரைக்கே திரும்பின. 1990களில் தூர்தர்ஷனில் அதை இந்தியில் பார்த்தோம். ஸ்க்ரூஜ் இந்தி பேசியதைக் கேட்டு அன்று எவரும் வியந்ததாக நினைவில்லை. படத்துக்குப் புதிய குரல் கொடுக்கப் பொருட்செலவு மிகும். சித்திரக்கதையிலோ எழுத்தை மாற்றினால் போதும். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் அயல்நாட்டு நாயகர் பலரைத் தமிழ் பேச வைத்தது அவ்வாறுதான்.

ஆனால் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அந்தத் தமிழ் எப்படிப் போய்ச் சேரும்? 1956இல் விளவங்கோடு முதலான தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளையில் இறங்கினால் கடைப்பலகைகள் தமிழில் இருக்கும். அவற்றை என் தங்கை மகனால் படிக்க முடியாது. வீட்டில் அவன் பேசுவது தமிழ். படிப்பது மலையாளச் சிறுவர் இதழ்கள். அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. அவன் ஆசையோடு படிக்கிறானே!

'பொறவு' என்ன நடந்தது என்பதை நீயே வரைந்து காட்டு என்றேன். ஒரு தாளை நான்கு கட்டங்களாக மடித்துக் கொடுத்தேன். முதற்கட்டத்தில் பூனை, "இவிடெ வா" என்று மலையாளத்தில் அழைத்தது. இரண்டாவதில் எலி, "வரமாட்டேன், போ" என்றது. எலி தமிழ் பேசுகிறதே என்று உவகையுடன் குனிந்து பார்த்தேன். அந்தத் தமிழும் மலையாள எழுத்திலேயே இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எழுதியதன் கீழே அவ்விரு சொற்களையும் தமிழெழுத்தில் எழுதினேன். அவன் வெகுநேரம் அதை உற்று நோக்கினான். மூன்றாம் கட்டத்தில் எலி மட்டுமே இருந்தது. அதன் வாயருகே, என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, 'போ' என்ற ஓரெழுத்தை எழுதினான். கொம்பு ஒன்று எழுத்துக்கு முன்னால், கால் ஒன்று பின்னால் ஏன் நிற்கிறது என்று கேட்கவேயில்லை, மலையாளத்திலும் அப்படித்தானே! நான்காம் கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கிறான்.